அந்தச் சுவிட்சை நீங்கள் மறக்கவில்லை, அத்தான்

என் நெஞ்சுக்கு நெருங்கிய அன்ரன் அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை நாலாவது தடவையாகத் தொடங்குகிறேன். மூன்று தடவையும் முதல் பந்தியோடு எழும்பிப் போய், தேத்தண்ணி போட்டு, அதையும் குடிக்காமல் வைத்துவிட்டு வந்து கிழித்துப் போட்டேன். எனக்குக் காலில் சில்லுப் பூட்டி இருக்கிறது, ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்று நீங்கள்தானே சொல்லுவீர்கள். இப்போது அது இன்னும் மோசம். வேலைத்தலத்தில்கூட என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி மேற்பார்வையாளர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஆண்டு நினைவுப் பூசை முடிந்த பிறகு, கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று இதை வாசிக்கப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் மற்றவர்களுக்காகத் திருப்பிச் சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் எழும்பி ஓடிவிடுவேன். அன்றைக்கு வண்டியில் நீங்கள் சுவிட்சைப் போட மறக்கவில்லை. போட்டுத்தான் இருந்தது. அதை அணைத்தது நான்.

சரி, சொல்லிவிட்டேன். இனி ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அமெரிக்காவில் செய்த ஒரு சின்னக் கறுப்புப் பிக்கப். கொஞ்சம்தான் செய்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். பார்த்தால் பெயின்ற் அடிக்கப் போகிறவனுடைய வண்டி போல இருக்கும். ஆனால் உள்ளே ஆறு சிலிண்டர் எஞ்சின், அதற்குக் காற்றை அமுக்கி ஊட்டுகிற டர்போ, நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற கியர்பெட்டி. பச்சை விளக்கு விழுந்ததும் பக்கத்தில் நிற்கிற விலைகூடிய கார்க்காரர்களுக்கு நம்பர் பிளேற்றைக் காட்டிவிட்டுப் போகும். கியூபெக்கில் பின்னால் மட்டும்தானே பிளேற், அது நல்ல வசதி என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

லொங்குய்யில் ஒரு பங்களோ வீட்டின் பின்வளவில், தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது அது. இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நீங்களும் நானும் அக்காவும் மெத்ரோ ரயிலில் போனோம். நீங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். அக்காதான் பின்பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை மூட்டை அரிசி ஏற்றலாம் என்று கேட்டார். மூன்று பெரிய ஆட்களின் பாரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வண்டியை விற்கிற மனிதர் சொன்னதும் அக்காவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பாரம் தூக்காத லொறி ஒன்றை வாங்கின முதல் யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சு.

அந்தப் பேச்சு கோயிலுக்கும் போனது. திருநாளுக்குக் கதிரை ஏற்ற வண்டி கேட்டு வந்தவர்களிடம் நீங்கள் மாட்டேன் என்று சொன்னபோது, அன்ரனுக்குக் கஞ்சத்தனம் கூடிவிட்டது என்று நினைத்தார்கள். இரவல் வான் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், நீங்களே மூன்று தடவை கதிரை ஏற்றி இறக்கிக் கொடுத்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

சென்ட் லோரன்டில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றைக் கராஜை வாடகைக்கு எடுத்தோம். நீங்கள் மருந்துக் கொம்பனியில் பொதி கட்டும் மெஷின்களைத் திருத்துகிறவர். கை வேலையெல்லாம் உங்களுடையது. நான் விமானங்களுக்குப் போகிற மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கிறவள். வண்டியின் மூளை என்னுடையது. அந்த மூளை ஒரு சின்னச் சிப். அதன் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஊதா விளக்குக்குக் கீழே வைத்தால் பழையது அழிந்துவிடும், பிறகு கம்பியூட்டரில் இருந்து புதிதாக எழுதலாம். எந்த வேகத்தில் எவ்வளவு பெற்றோல், எந்த நொடியில் பொறி தட்டவேண்டும், எல்லாம் அதற்குள் இலக்கங்களாக இருக்கும். என் அறையில் அந்த ஊதா விளக்கைப் பார்த்துவிட்டு நுளம்பு கொல்ல வைத்ததாக்கும் என்று அக்கா நினைத்ததும், தன் அறைக்கும் ஒன்று கேட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே.

கலியாணம் கட்டாத பெண் ஒருத்தி அத்தானோடு சேர்ந்து லொறிக்குக் கீழே படுக்கிறாள் என்று சிலர் கதைத்தார்கள். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருப்பார்கள். அக்கா அதைக் கேள்விப்பட்ட அன்று பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணியோடு கராஜுக்கு வந்து, கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் கதிரை போட்டு இருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். நாங்கள் மூன்று பேரும் அந்த வெளிச்சத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், அத்தான்.

எங்களுக்கு ஒரேயொரு ஆசை. கால் மைல் தூரத்தைப் பதின்மூன்று செக்கனுக்குள் ஓடவேண்டும். கிட்டக் கிட்டப் போய்க்கொண்டே இருந்தோம். நான் பொறியின் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ள, நீங்கள் பின்னால் இழுப்பீர்கள். எஞ்சினுக்கும் மூச்சு விட இடம் வேணும், ரெண்டு டிகிரி குறைச்சு எழுது என்பீர்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். கணக்குப் பார்க்கிறவள் நான், காதை வைத்துக் கேட்டுவிட்டு நீங்கள் எப்படிச் சொல்லலாம் என்று எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பேன்.

காது என்றதும் இதைச் சொல்லவேண்டும். எஞ்சினின் இரும்பில் ஒரு சின்னக் கருவி பூட்டியிருக்கும். பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடித்தால் உள்ளே சிணுங்குகிற மாதிரி ஒரு தட்டல் கேட்கும். வெளியில் நிற்கிறவர்களுக்குக் கேட்காது, அந்தக் கருவிக்குக் கேட்கும். கேட்டதும் மூளைக்குச் சொல்லும், மூளை பொறியைப் பின்னால் இழுத்து எஞ்சினைக் காப்பாற்றும். வேகமும் குறையும். அந்த ஓகஸ்டில் என்னுடைய மடிக்கணினியில் அந்தத் தட்டல் திரும்பத் திரும்ப விழுந்தது. நாங்கள் புதிதாகப் பூட்டிய புகைக்குழாய் எங்கேயோ உரசுகிறது, அந்தச் சத்தத்தைத்தான் கருவி பிழையாகப் பிடிக்கிறது என்று நான் தீர்மானித்தேன். இந்த வண்டி வைத்திருக்கிற ஆட்கள் எல்லாரும் ஒருநாள் செய்கிற பிழை இது. உண்மையான தட்டலைப் பொய்ச் சத்தம் என்று நினைப்பது.

அது பொய்ச் சத்தமா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. நேரத்துக்கு முந்தி வெடிக்காத நல்ல பெற்றோலை ஊற்றி ஓடிப் பார்க்கவேண்டும். அப்போதும் தட்டினால் பொய், நின்றுவிட்டால் உண்மை. ஒரு பின்னேரம் போதும். எனக்குப் பொறுமை இல்லை. பந்தயத் தளத்துக்கு ஓடிப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் என் அறையில் இருந்துகொண்டு அந்தக் கருவியின் காதை அடைத்து ஒரு சிப் எழுதினேன். பொறியையும் இரண்டு டிகிரி முன்னால் தள்ளினேன். உங்களுக்குச் சொல்லவில்லை. காலையில் திரையைப் பார்த்துவிட்டு நீங்கள், "தட்டல் ஏதும் கேக்குதோ?" என்று கேட்டீர்கள். "ஒண்டுமில்லை அத்தான், சுத்தம்" என்றேன். திரையில் பூச்சியம்தான் நின்றது. காது அடைத்தால் பூச்சியம்தானே நிற்கும்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்க் கராஜைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு வந்தேன். வெளியில் நல்ல பனி. சப்பாத்துக்குள் போய்விட்டது.

முதல் ஓட்டம் பதின்மூன்றும் கொஞ்சமும். நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினீர்கள். அன்றைக்கு ஐஸ் மூட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தோம். டர்போ அமுக்குகிற காற்று கொதிக்கும்; அதைக் குளிராக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அதை ஓடவைக்க ஒரு சின்ன மின்பம்பு. எஞ்சின் நின்றாலும் பம்பு ஓடவேண்டும் என்று நீங்கள் அதற்குத் தனியாக வயர் இழுத்து, ஸ்டியறிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்திருந்தீர்கள். அதைப் போட்டுவிட்டுத்தான் கோட்டில் போய் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் எஞ்சின் உடைந்துபோகும்.

இரண்டாவது ஓட்டம். மூன்றாவது கியரில் பின்னால் நீலப் புகை கிளம்பியது. வண்டி உருண்டு போய் ஓரத்தில் நின்றது. நான் ஓடி வந்து சேர்கிறபோது நீங்கள் இறங்கி, பாதையில் எண்ணெய் கொட்டியிருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி நடந்துகொண்டிருந்தீர்கள். மற்றவன் வழுக்கி விழக்கூடாது என்றுதான் முதலில் போனீர்கள். நான் உள்ளே ஏறினேன். எஞ்சின் செத்துக் கிடந்தது. பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலை என் காதால் கேட்டேன். தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் சாவி, காற்றாடி, பம்புச் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தேன். அதில் பிழை இல்லை, யாரும் செய்வதுதான்.

பிழை அடுத்த நிமிஷத்தில். நீங்கள் வந்து குனிந்து, அணைந்திருந்த சுவிட்சைப் பார்த்தீர்கள். நெற்றியில் கையை வைத்தீர்கள். "ஐயோ ஜெசி, பம்பைப் போடாமல் ஓடிட்டன்" என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று ஒன்றரை வருஷமாக என்னை நானே கேட்கிறேன். பம்பு ஓடியது என்று சொன்னால், அப்படியென்றால் எஞ்சின் ஏன் உடைந்தது என்று கேட்பீர்கள். சிப்பைக் கழற்றிப் பார்ப்பீர்கள். அதற்குத்தான் பயந்தேன். கோபிக்க மாட்டீர்கள் என்றும் தெரியும். நீங்கள் கோபிக்காமல் ஒரு பார்வை பார்ப்பீர்களே, அதைத் தாங்க ஏலாது என்று நினைத்தேன். வண்டியை இழுவையில் ஏற்றிக்கொண்டு வரும்போது, பாலம் தாண்டும் மட்டும், நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

பிறகு நடந்தது மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நீங்களே போய் உங்கள் மறதியைக் கதையாகச் சொன்னீர்கள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மைக் வேலை செய்யாவிட்டால், "அன்ரன் அண்ணை, சுவிட்ச் போட்டாச்சோ?" என்று ஒரு குரல் வரும். பெருநாள் நாடகத்தில்கூட அதை வைத்து ஒரு பகிடி செய்தார்கள். நீங்கள் எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அன்றிரவு அக்கா உங்களைப் பேசின பேச்சு என் அறைக்கும் கேட்டது. ஒரு சுவிட்ச் போடத் தெரியாத மனிசனுக்கு லொறி என்ன கேடு என்று தொடங்கி, வாங்கின நாளில் இருந்து எல்லாவற்றையும் இழுத்தார். நீங்கள் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னீர்கள். எழும்பி வந்து சொல்லியிருக்கலாம். இடையில் ஒரு கதவுதான்.

நவம்பரில் உங்களுக்குத் தலையிடி தொடங்கியது. தலைக்குள் கட்டி என்றார்கள். எப்போதிருந்து மறதி என்று டொக்டர் கேட்டார். அக்கா உடனே சொன்னார்: ஓகஸ்டில் இருந்து. ஒரு சுவிட்சை மறந்துபோனார், அதுதான் முதல். டொக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன், அத்தான். அந்தப் பேனை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் வாய் திறக்காதவள் இனி எங்கே திறப்பாள்?

அன்றிலிருந்து அந்தச் சுவிட்ச் பகிடியாக இல்லாமல் போனது. சுகமில்லாத மனிசனைப் பார்த்துச் சிரித்தோமே என்று ஒவ்வொருவராக வந்து உங்கள் கட்டிலடியில் அழுதார்கள். அக்காவோ அதைவிட ஒரு படி மேலே போனார். வருத்தத்தின் முதல் அடையாளத்தைக் கண்ணால் கண்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல், நின்று ஏசினேனே என்று தன்னைத் தானே தின்னத் தொடங்கினார். ஓகஸ்டிலேயே போயிருந்தால் என்று ஒரு வசனத்தைத் தொடங்குவார், முடிக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில், தான் வேலை செய்கிற கார்டரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடும்போதுகூட அப்படித்தானாம், அவரோடு வேலை செய்கிறவர் எனக்குச் சொன்னார்.

நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள். மார்கழியில் ஒருநாள், சொற்கள் உங்களிடம் சரியாக வராமல் போகத் தொடங்கிய நேரம், என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "உன்ரை உழைப்பை நான் ஒரு சுவிட்சாலை பாழாக்கிப் போட்டன். மனசிலை வைச்சிருக்காதை, ஜெசி." அதைச் சொல்லி முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது! நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிறகு கதைப்பம் அத்தான், இப்ப படுங்கோ என்றேன்.

தை மாதம் போய்விட்டீர்கள். நிலம் இறுகிக் கிடந்ததால் வசந்தம் வரும் மட்டும் உங்களைச் சேமக்காலையில், கல்லறைகளுக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் வைத்தார்கள். மே மாதம்தான் மண்ணுக்குள் போனீர்கள். அந்த நாலு மாதமும் நான் வேலை முடிந்து நேராகக் கராஜுக்குப் போவேன். இன்னும் நேரம் இருக்கிறது, அவரை இன்னும் மண்ணுக்குள் தாழ்க்கவில்லை என்று ஏதோ ஒரு விசர் நினைப்பு. எதற்கு நேரம் இருக்கிறது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

எஞ்சினைத் திறந்தேன். இரண்டு பிஸ்டன்களின் விளிம்பு பிஸ்கற் கடித்த மாதிரி உடைந்திருந்தது. பொறி முந்தித் தட்டினால் இப்படித்தான் உடையும். தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்தால் போதும். ஐஸ் தண்ணீர் ஓடியதா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம் பேச்சு. அதைக் கையில் வைத்துக்கொண்டு சீமெந்துத் தரையில் இருந்து ஒப்பாரி வைத்து அழுதேன். அக்காவின் ஏச்சு ஆறட்டும், பனிக்காலத்தில் திறப்போம் என்று தள்ளிப்போட்டிருந்தீர்கள்; சுகமாக எழும்பித் திரிந்திருந்தால் அந்த மாரியிலேயே எஞ்சினைத் திறந்திருப்பீர்கள். உண்மை அன்றைக்கே வெளியில் வந்திருக்கும். திறக்க முந்தி உங்களுக்கு வருத்தம் வந்ததால் நான் தப்பிக்கொண்டேன். இப்படித் தப்பினவள் எப்படி நித்திரை கொள்வாள், சொல்லுங்கள்?

புதிய பிஸ்டன் போட்டு, பழைய நிதானமான சிப்பையே பூட்டி, செப்டெம்பரில் ஸ்டார்ட் பண்ணினேன். முதல் திருப்பலில் பிடித்தது. அக்கா மேலே ஜன்னலைத் திறந்து கேட்டுவிட்டு, மூடிவிட்டார். அதற்குப் பிறகு, இதை விற்றுவிடுவோம் ஜெசி, சத்தம் கேட்டால் எனக்கு ஓகஸ்ட் ஞாபகம் வருகிறது என்றார்.

அப்படித்தான் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை மிஷெல் வந்தார். இல்-பிசாரில் இருக்கிறவர், ஓய்வு பெற்றவர், இதே மாதிரி வண்டி ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறார். நல்ல மனிதர். உங்களுக்குப் பிடித்திருக்கும். பொனெற்றைத் திறந்து, நீங்கள் வயர்களைக் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டு விசிலடித்தார். பிறகு வழக்கமாக யாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார், எஞ்சினைத் திறந்து புதுப் பிஸ்டன் போடுகிற மாதிரி என்ன நடந்தது என்று. அக்கா தன்னுடைய கார்டரிப் பிரெஞ்சில் மெல்லச் சொன்னார். என் கணவர் ஒரு சுவிட்சைப் போட மறந்தார், அப்போது எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தலையில் வருத்தம் தொடங்கியிருந்தது, நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் அக்கா பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வாயிலிருந்து "நோன்" என்று பிரெஞ்சில் ஒரு மறுப்பு விழுந்தது. பெரிதாகவே விழுந்தது. இருவரும் திரும்பினார்கள்.

"சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது அக்கா. நான்தான் நிப்பாட்டினனான்."

அக்காவுக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், சிப்பை, காதை, பூச்சியத்தை, பம்பின் இரைச்சலை. தமிழில் கொட்டினேன். மிஷெல் பொனெற்றை மெல்லச் சாத்திவிட்டுக் கராஜுக்கு வெளியே போய் நின்றார். அக்கா இடைமறிக்கவில்லை. முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"கடைசி வரைக்கும்?"

"இல்லை அக்கா."

அக்கா வெளியே போய், இன்றைக்கு வியாபாரம் இல்லை, மன்னிக்கவேண்டும் என்று மிஷெலிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். பிறகு மேலே போய்ச் சமைத்தார். எனக்கும் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு வைத்தார். கிட்டத்தட்ட இரண்டு கிழமை ஒரே ஃபிளாட்டுக்குள் ஒரு சொல் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் காலில் சில்லோடு அறைக்கும் குசினிக்கும் நடந்தேன், அவர் என்னைச் சுவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

பிறகு ஒரு பின்னேரம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்: "ஒரு வருசமா நான் அந்த ஓகஸ்டைத் தூக்கிக்கொண்டு திரியிறன். நீ பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனி." நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? இன்னும் கொஞ்ச நேரம் உரித்தார். பகிடி பண்ணினவர்களும், பகிடி பண்ணிவிட்டு அழுதவர்களும் எல்லாரும் அறியவேண்டும் என்றார். அவருடைய நினைவு நாளில் சொல்லவேண்டும், ஆளுக்காள் ரெலிபோனில் குசுகுசுக்கிற வேலை வேண்டாம் என்றார். அவருக்குச் சொல்கிற மாதிரி எழுது, நான் இருந்து கேட்கிறேன் என்றார்.

ஆகவே மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறேன். அந்த ஓகஸ்டில் அன்ரன் அத்தானின் தலை உங்கள் எல்லாருடைய தலையையும் விடத் தெளிவாக இருந்தது. பம்பைப் போட்டார். பிரேக்கைச் சரி பார்த்தார். எஞ்சின் உடைந்த பிறகும் மற்றவன் வழுக்கி விழக்கூடாது என்று எண்ணெய் தேடிப் போனார். அவரிடத்தில் அன்றைக்கு ஒரு நோயின் அடையாளமும் இருக்கவில்லை. என் அக்கா எதையும் கவனிக்காமல் விடவில்லை, ஏனென்றால் கவனிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது என்னுடைய அவசரமும், பிறகு என்னுடைய மௌனமும்தான்.

வண்டி இன்னும் கராஜில்தான் நிற்கிறது, அத்தான். மிஷெல் கிழமைக்கு ஒருதரம் ரெலிபோன் எடுத்துக் கேட்கிறார். அக்கா ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை.

இதுவரை எழுதியதை முந்தாநாள் அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்து, முதலில் இருந்து கடைசி மட்டும் வாசித்தார். நான் குசினிக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன். முடிவில் நான், என்னை மன்னித்துவிடுங்கள் அத்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கா பேனையை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் வெட்டினார். மற்ற ஒரு சொல்லிலும் கை வைக்கவில்லை.

"அவரிட்டைக் கேளாதை. அவர் உடனை தந்திடுவார். என்னட்டைக் கேள்."

அதனால் உங்களிடம் கேட்கவில்லை, அத்தான். அக்காவிடம் கேட்கிறேன், அவர் தருகிற நாள் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பேன். எழும்பி ஓட மாட்டேன்.

உங்கள் மச்சாள்,
பிலோமினாவின் தங்கச்சி,
ஜெசிந்தா